காலில் சிவப்புப் புள்ளிகள்: களிம்பு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காலில் திடீரென்று சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் நம்மில் பலர் நேராக மருந்துக் கடைக்குத்தான் போகிறோம். "அண்ணே, காலெல்லாம் சிவப்பு சிவப்பா இருக்கு, ஏதாவது ஆயின்மென்ட் கொடுங்க" என்றதும் அவரும் ஒரு ட்யூபை எடுத்து நீட்டிவிடுவார். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. கொசு கடித்தாலும் சிவப்புப் புள்ளி வரும். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து தோலுக்கடியில் ரத்தம் கசிந்தாலும் சிவப்புப் புள்ளிதான் வரும். முதலாவது தானாகவே ஆறிவிடும். இரண்டாவதுக்குக் களிம்பு தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. செலவு ஒன்றும் இல்லை.

படி 1: கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியாது. வேலைப்பாடு இல்லாத ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, அதன் பக்கவாட்டைப் புள்ளிகளின் மேல் வைத்து நன்றாக அழுத்துங்கள். ஐந்து விநாடி அப்படியே பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

அழுத்தும்போது சிவப்பு மறைந்து, எடுத்ததும் திரும்ப வந்தால், ரத்தம் குழாய்க்குள்ளேயேதான் இருக்கிறது. குழாய் விரிந்திருப்பதால் தோல் சிவந்து தெரிகிறது. பூச்சிக்கடி, அலர்ஜி, காணாக்கடி எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. எவ்வளவு அழுத்தினாலும் நிறம் அப்படியே இருந்தால், ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து தோலில் தங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டாவது வகையை அலட்சியப்படுத்தவே கூடாது.

நம் ஊர்த் தோல் நிறத்தில் 'சிவப்பு' எப்போதும் சிவப்பாகத் தெரியாது. மாநிறத்துக்கு மேல் கறுத்த தோலில் அது பழுப்பாகவோ, கத்தரிப்பூ நிறமாகவோ, வெறும் கறுப்புப் புள்ளியாகவோ தெரியும். சந்தேகமாக இருந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, கீழ் இமையின் உள்பக்கம், வாய்க்குள் அண்ணம் ஆகிய இடங்களைப் பாருங்கள். அங்கே புள்ளி இருந்தால் எந்த நிறத்தவருக்கும் தெளிவாகத் தெரியும்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்கிறதா, விரலில் மேடாகத் தட்டுப்படுகிறதா? மறையாத புள்ளி, அதுவும் மேடாக இருக்கிறது என்றால் ரத்தக்குழாய்ச் சுவரிலேயே அழற்சி இருக்கலாம். கடைசியாக, ஒன்றிரண்டு புள்ளிகளைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டு, மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு அது பெரிதாகிறதா, மறைகிறதா, இடம் மாறுகிறதா என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது.

படி 2: மறையவில்லை, காய்ச்சலும் இருக்கிறது என்றால்

மேலே படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ராத்திரியாக இருந்தாலும் சரி. தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுதல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எதுவும் கூட இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒருவகை பாக்டீரியா ரத்தத்தில் கலந்தால் இப்படிப் புள்ளிகள் வரும், சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிப் போய்விடும். அபூர்வம்தான், ஆனால் காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை.

தமிழ்நாட்டில் அடிக்கடி பார்ப்பது டெங்கு, அதுவும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு. முதல் ஓரிரு நாளில் முகமும் மார்பும் லேசாகச் சிவக்கும். பிறகு, பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற சமயத்தில், கை கால்களில் தோல் பரவலாகச் சிவந்து, நடுநடுவே சின்னச் சின்ன வெளுத்த திட்டுகள் விட்டுப்போனது மாதிரி தெரியும். அந்தச் சிவப்பு கண்ணாடியில் அழுத்தினால் மறையக்கூடும். ஊசி முனை அளவில் மறையாத புள்ளிகள் தனியாகத் தெரிந்தால் அது ரத்தக் கசிவு.

வீட்டில் இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். "காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்லை" என்று நினைப்பார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நேரம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் ஜில்லென்று ஆவது, குழந்தை சோர்ந்து துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடவே கூடாது, அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டு அவர் சொல்படி நடக்க வேண்டும். டெங்குதானா என்று அறிய, காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். ரத்தப் பரிசோதனை. கூடவே தட்டணு எண்ணிக்கை. சராசரி மனிதருக்கு அது ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். குடித்தாலும் அது ரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவர் கண்காணிப்புக்கும் மாற்று ஆகாது.

காய்ச்சலோடு வரும் இன்னொன்று உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ். வேலூர் பக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. புதர், புல்வெளி, வயல் ஓரம் போய் வந்தவர்களை, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் வலியே இல்லாத ஒரு கறுத்த பொருக்கு, அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பு. அது காலில் மட்டும் இருக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா அல்லது பெல்ட் அழுந்தும் இடம், மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில் இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. கூச்சப்படாமல் வீட்டில் யாரையாவது உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பொருக்கைக் காட்டினாலே நோய் பாதி பிடிபட்டுவிடும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

படி 3: மறையவில்லை, ஆனால் காய்ச்சல் இல்லை

சமீபத்தில் காய்ச்சல் வந்து இறங்கியிருந்தால் படி 2-ஐப் பாருங்கள். மற்றபடி இது அவசர ஊர்தி தேவைப்படும் விஷயம் இல்லை, ஆனாலும் ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், இடித்துக்கொள்ளாமலே கன்றிப்போன தடங்கள் இருந்தால் அன்றைக்கே போங்கள். தட்டணு குறைவதற்கு வைரஸ் காய்ச்சல் முதல் ரத்தப் புற்றுநோய் வரை பல காரணங்கள் உண்டு. தட்டணு குறைந்திருக்கிறதா என்று சொல்ல ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும்.

குழந்தைகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சளி, தொண்டைவலி வந்து ஓரிரு வாரம் கழித்து, இரண்டு கால்களிலும் பிட்டத்திலும் மேடான, மறையாத சிவப்புப் புள்ளிகள் வரும். முட்டியோ கணுக்காலோ வலித்து நடக்க அழுவார்கள், வயிறு வலிக்கும். இது ஐ.ஜி.ஏ. வாஸ்குலைட்டிஸ் எனும் ரத்தக்குழாய் அழற்சி, பழைய பெயர் ஹெனாக்-ஷோன்லைன் பர்புரா. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடுகிறது. கவலை தோலைப் பற்றியது அல்ல, சிறுநீரகத்தைப் பற்றியது. புள்ளிகள் போன பிறகும் ஆறு மாதம் வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். "அதான் சரியாயிடுச்சே" என்று இந்தப் பரிசோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பெரியவர்களுக்குப் புதிதாக ஆரம்பித்த மாத்திரை காரணமாக இருக்கலாம். கடந்த ஒரு மாதத்தில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பயப்படத் தேவையில்லாத ஒரு வகையும் உண்டு. கொளுத்தும் வெயிலில் பல மணி நேரம் நடப்பவர்களுக்கு, பழனிப் பாதயாத்திரை போல நாள்கணக்கில் நடப்பவர்களுக்கு, கெண்டைக்காலில் சிவப்புத் திட்டும் எரிச்சலும் வரலாம். சாக்ஸ் மூடிய இடம் மட்டும் பெரும்பாலும் தப்பித்திருக்கும், கோடு போட்டது போல அங்கே நின்றுவிடும். ஓய்வெடுத்து, காலை உயர்த்தி வைத்து, ஈரத்துணி போட்டால் பத்து நாளுக்குள் மறைந்துவிடும்.

படி 4: நின்றுகொண்டே வேலை செய்பவரா?

ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்கள், ஆசிரியர்கள், சமையல்காரர்கள், போக்குவரத்துக் காவலர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கலாம். நாள் முழுக்க நின்றால் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறத் திணறும். சிரைகளின் வால்வு பழுதாகி, கீழே அழுத்தம் கூடி, நுண்குழாய்களிலிருந்து ரத்த அணுக்கள் கசியும். கணுக்காலுக்கு மேலே, முக்கியமாக உள்பக்கம், முதலில் சிவப்புப் புள்ளி, பிறகு பழுப்பு நிறம், அப்புறம் அரிப்பு, செதில். சொறிந்து புண்ணானால் மாதக்கணக்கில் ஆறாது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது எலாஸ்டிக் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, கால் கனக்கிறதா, நரம்பு புடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தமே கொண்டுவந்தது. இருக்கை போட்டிருந்தாலும் உட்கார விடுகிறார்களா என்பது வேறு கதை. உட்கார முடியாதவர்கள் நின்ற இடத்திலேயே அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், இருபது முறை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. வீட்டுக்கு வந்ததும் நெஞ்சு மட்டத்துக்கு மேலே கால் இருக்கும்படி தலையணை வைத்து அரை மணி நேரம் படுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை நீட்டுவது இதற்குப் போதாது.

அழுத்தக் காலுறை நல்ல சிகிச்சை, காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே போட வேண்டும். ஆனால் சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் முதலில் கால் தமனியில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளாமல் அதை வாங்கக் கூடாது. ஓட்டம் குறைந்த காலை இறுக்கினால் கால் கெட்டுப்போகும். நரம்பு புடைப்பு இருந்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டு லேசரா, அறுவைச் சிகிச்சையா என்று முடிவு செய்வார்கள்.

இதே இடத்தில், நரம்பு புடைப்பே இல்லாமல், மிளகாய்த்தூள் தூவியது போல ஆரஞ்சும் பழுப்புமாகப் புள்ளிகள் வந்தால் அது ஷாம்பெர்க் நோயாக இருக்கலாம். பார்க்கத்தான் அசிங்கம், கெடுதல் இல்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இருந்துவிட்டுப் போகும்.

படி 5: அழுத்தினால் மறைகிறது, அரிக்கிறது

பெரும்பாலானவர்கள் இந்தப் பட்டியலில்தான் வருவார்கள். புள்ளி இருக்கும் இடத்தையும் வடிவத்தையும் பார்த்தாலே காரணத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம்.

கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் மட்டும், நடுவில் ஒரு சின்னக் குத்துத் தடத்தோடு இருந்தால் கொசு அல்லது தெள்ளுப்பூச்சி. மூன்று நான்கு கடி வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள், மெத்தை ஓரத் தையலில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். சில குழந்தைகளுக்கு ஒரு கடியே வாரக்கணக்கில் கொப்புளமாக நின்று, பழைய கடியும் சேர்ந்து அரிக்கும். காலமைன் லோஷன், ராத்திரி செட்டிரிசின் எனும் அலர்ஜி மருந்து (வயதுக்கேற்ற அளவு), நகத்தை ஒட்ட வெட்டுவது, கொசுவலை, இவ்வளவு போதும்.

செருப்பு வார் போகும் வழியிலேயே 'வி' வடிவத்தில் சிவந்திருந்தால் ரப்பர் அலர்ஜி. தோல் செருப்பில் அதைப் பதப்படுத்தப் பயன்படும் குரோமியம் காரணமாக இருக்கும், சிமெண்ட் வேலை செய்பவர்களுக்கும் அதே குரோமியம்தான். மலிவான கொலுசு, மெட்டியில் நிக்கல். கழற்றாமல் எந்தக் களிம்பு போட்டும் பயனில்லை.

உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக வந்து, நீங்கள் பேனாவால் வட்டம் போட்ட இடத்தில் ஒரு நாளுக்குள் மறைந்து வேறு இடத்தில் முளைத்தால் காணாக்கடி. அலர்ஜி மாத்திரைக்குக் கேட்கும். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அவசரம். ஒரே தடிப்பு வட்டத்துக்குள்ளேயே 24 மணி நேரத்துக்கு மேல் நின்று, போகும்போது கன்றிய நிறத்தை விட்டுப்போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடி இருக்கும் ஒவ்வொரு துளையிலும் புள்ளி, சிலவற்றில் சீழ் என்றால் மயிர்க்கால் அழற்சி. ஷேவிங், வேக்ஸிங் செய்த பிறகும், எண்ணெயை அப்பிக்கொண்டு இறுக்கமான பேண்ட் போடுபவர்களுக்கும் வரும். ஷேவிங்கை நிறுத்தி, வெதுவெதுப்பான துணி ஒத்தடம் தினமும் மூன்று வேளை கொடுங்கள். குறையாவிட்டால் மருத்துவர் முபிரோசின் களிம்பு தருவார். அடிக்கடி கட்டியாக வந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

ராத்திரியில் அரிப்பு கூடுகிறது, விரல் இடுக்கிலும் இருக்கிறது, வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறது என்றால் சிரங்கு. மருத்துவரைப் பார்த்த பிறகு பெர்மெத்ரின் 5 சதவீதக் க்ரீமைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் போட வேண்டும். ஆளுக்கொரு நாள் போட்டால் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும்.

வட்டமாக, ஓரம் தடித்து நடுவில் தெளிந்து பரவினால் படர்தாமரை. இதில்தான் அந்தக் கடை ட்யூப் கெடுதல் செய்கிறது. ட்யூபின் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. 2018-இலேயே மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. நடைமுறை உங்களுக்கே தெரியும். தடவிய இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே தழைக்கும். நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும். பூஞ்சைக் களிம்பைத் தனியாக, படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் சேர்த்துத் தடவ வேண்டும். பரவியிருந்தால் மாத்திரையும் தேவைப்படும்.

படி 6: வலிக்கிறது, அல்லது உணர்ச்சியே இல்லை

ஒரு காலில் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி வலித்தால் செல்லுலைட்டிஸ் எனும் தோல் தொற்று. விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு, இவைதான் கிருமி நுழையும் வாசல். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டிப் போனால், காய்ச்சல் வந்தால், சர்க்கரை நோய் இருந்தால், அன்றைக்கே மருத்துவமனை. இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும், கைவைத்தியம் உதவாது. யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும். தினமும் சோப்பால் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பதுதான் அவர்களுக்கு முதல் மருந்து.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், தொட்டாலே வலிக்கும் சிவப்புக் கட்டிகள் இரண்டு காலிலும் இருந்தால் தொண்டைத் தொற்று முதல் காசநோய் வரை காரணம் தேட வேண்டியிருக்கும். ஒரே காலில், ஒரு பக்கமாகப் பட்டைபோல் எரிச்சலும் நீர்க்கொப்புளமும் வந்தால் அக்கி. குயவர் வீட்டில் காவி எழுதிக்கொள்வது நம் வழக்கம். மனசுக்கு ஆறுதல் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அசைக்ளோவிர் மாத்திரை கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், அந்த நேரத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

வெளிறியோ சிவந்தோ இருக்கும் ஒரு படையில் பஞ்சுத் துணுக்கால் தொட்டால் உணர்வே இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

வீட்டில் தடவக் கூடாதவை

எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். பூண்டு அரைத்துக் கட்டினால் கொப்புளமே வரும். பற்பசை, தண்ணீர் கலக்காத கிருமிநாசினி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிப்பதில் தவறில்லை. அரிப்புக்குக் குளிர்ந்த ஈரத்துணி பத்து நிமிடம் வைத்தால் அடங்கும்.

எந்த வகையாக இருந்தாலும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். போகும் நாளில் காலில் எண்ணெயோ களிம்போ மருதாணியோ வேண்டாம், முதல் நாள் எடுத்த படத்தையும் இதுவரை தடவிய ட்யூப்களையும் எடுத்துப் போங்கள். புள்ளி ஆறிய பிறகு பழுப்புத் தடம் சில மாதம் நிற்கும், நம் தோலில் அது சகஜம். அதற்காக வெள்ளையாக்கும் க்ரீம் வாங்க வேண்டாம், குளித்ததும் ஈரத்தோடு சாதாரண மாய்ஸ்சரைசர் தடவினால் போதும்.